பள்ளிக்கூடச் சுவரில் ஒரு தண்ணீர்க்கோடு

நான் சாலை போடுகிறவள் இல்லை. சாலை எந்த வழியாகப் போக வேண்டும் என்று காகிதத்தில் கோடு போட்டுக் கொடுக்கிறவள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். தார் ஊற்றுகிறவன் கையில் தார் ஒட்டும், எங்கள் கையில் ஒன்றும் ஒட்டாது. கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். அரசாங்கத்துக்காகச் சாலைத் திட்டங்களை அளந்து, வரைந்து, தடித்தடியான அறிக்கைகளாகக் கட்டிக் கொடுக்கும் தனியார் கம்பெனி. மயிலாப்பூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து, அடையாறு பாலத்து நெரிசலில் நின்று நகர்ந்து, வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேருவேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மாநில நெடுஞ்சாலை எங்கள் கைக்கு வந்தது. தெற்கே, ஓர் ஆற்றை ஒட்டிப் போகிற சாலை. ஆற்றின் பெயரைச் சொல்ல எனக்கு மனமில்லை. சொன்னால் ஊரும் தெரிந்துவிடும். பழைய சாலை குறுகலாக, ஒவ்வொரு ஊருக்குள்ளும் நுழைந்து, கோயிலைச் சுற்றி, யார் வீட்டு வாசலையோ உரசிக்கொண்டு போனது. அதை நேராக்கி, உயர்த்தி, ஆற்றங்கரைப் பக்கமாக ஒதுக்கிக் கொண்டுபோக வேண்டும். வழியில் ஐந்தாறு ஊர்கள். அவற்றில் ஒன்று பள்ளத்தில் இருந்தது. சாலைக்கு ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் இந்த ஊர். மழைக்காலத்தில் வயல் தண்ணீரும் ஏரி வழிகிற தண்ணீரும் இந்த ஊர் வழியாகத்தான் ஆற்றுக்குப் போய்ச் சேரும்.

நாங்கள் எழுப்பப்போவது ஆள் உயரத்துக்கும் மேலான கரை. அதன் அடியில் தண்ணீர் போக எவ்வளவு பெரிய வழி விட வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. வேறு எங்கே தப்பு செய்திருந்தாலும் ஒரு வளைவு கொஞ்சம் கூடுதலாக வளைந்திருக்கும், நாலு டிரைவர்கள் திட்டியிருப்பார்கள். நான் இந்த இடத்தில் செய்தேன்.

இந்த மாதிரி வேலையில் நாங்கள் முதலில் தேடுவது, இதுவரை வந்ததிலேயே பெரிய வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதை. ஊர்ச் சுவர்களில் தண்ணீர் நின்ற கறை கோடாக இருக்கும். அதை அளந்துகொள்வோம். இதைச் சென்னையில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் அலுவலக டிராஃப்ட்ஸ்மேன் சைதாப்பேட்டைக்காரர், கையால் படம் வரைந்த காலத்திலிருந்தே இருப்பவர். அவர் வீட்டுக்குப் போனால் கூடத்துச் சுவரில் ஒரு பென்சில் கோட்டைக் காட்டுவார். "இத்தோ பாருங்க மேடம், இம்மா ஒசரம் வந்துச்சு தண்ணி. டிவி பொட்டி மெதந்துகினு இருந்துச்சு." பெயிண்ட் அடிக்கும்போதுகூட அந்தக் கோட்டை விட்டுவிட்டு அடிக்கச் சொன்னாராம். தண்ணீர் வந்து போன உயரத்தை எல்லா மனிதர்களும் இப்படித்தான் பத்திரப்படுத்துவார்கள் என்று நினைத்தேன்.

அந்தப் பள்ளத்து ஊரில் எட்டு நாள் வேலை இருந்தது. என்னோடு கருவி பிடிக்கிற ஆண்கள் மூன்று பேர். அவர்களுக்கு ஒரு வேலி ஓரம் போதும். எனக்கு? எந்த அறிக்கையிலும் எழுத முடியாத விஷயம் இது. வெளியில் நின்று வேலை செய்யும் பெண்ணுக்கு, காலையில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்ற யோசனையில்தான் நாளே ஆரம்பிக்கும். முதல் நாள் பகலில் பல்லைக் கடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தேன். ஒரு வீட்டு வாசலிலிருந்து ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேரே வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "பின்னாடி மறைப்பு இருக்குது, வாங்க மேடம்" என்றாள்.

என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். அன்றிலிருந்து அவளை அக்கா என்று கூப்பிட்டேன். அவள் மேடத்தை விடவே இல்லை. மதியச் சாப்பாடும் அங்கேதான் என்று ஆகிவிட்டது. நான் கொண்டுபோன தயிர்சாதத்தை அவள் பிடுங்கிக்கொண்டு, எனக்குச் சுடச்சுடச் சோறும் கீரைக் குழம்பும் போடுவாள். அவள் கணவர் என்னைத் தங்கச்சி என்பார். ஒருநாள் நான் வயலில் அளந்துகொண்டிருந்தபோது, "மெஷினு வெயில்ல காயுதே" என்று இரக்கப்பட்டு, தன் துண்டை நனைத்துக் கருவியின் மேல் போட வந்தார். நான் அலறிய அலறலில் கொக்கெல்லாம் பறந்துவிட்டன. அதன் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் துண்டை இடுப்பில் ஒளித்துக்கொள்வதுபோலப் பாவனை செய்வார். ஒரே மகள், தி. நகரில் பெரிய துணிக்கடை ஒன்றில் புடவைப் பிரிவில் வேலை செய்கிறாள் என்று பெருமையாகச் சொன்னார்கள்.

அது மண்சுவர் வீடு. எட்டு நாளும் நான் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட சுவர், தரையிலிருந்து என் தோள் உயரம் வரைக்கும் பளீர் வெள்ளை. அதற்கு மேலே பழைய பழுப்பு. ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான் இருந்தன. இந்தப் பக்கத்து வழக்கம் போலிருக்கிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று ரசித்தேன். மயிலாப்பூர் திரும்பியதும் கணவரிடம்கூடச் சொன்னேன், நம் ஹாலிலும் கீழ்ப்பாதிக்கு மட்டும் வெள்ளை அடிக்கலாமே என்று. "ஏன், மேல்பாதி என்ன பாவம் பண்ணித்து? ஓனர் கேட்டா நீ பதில் சொல்லிண்டு நில்லு" என்றார். சிரித்தோம். படித்த படிப்பெல்லாம் எங்கே போயிருந்தது என்று இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

வெள்ளக் கோட்டைத் தேடி ஊரெல்லாம் நடந்தேன். எந்த வீட்டிலும் இல்லை. டீக்கடையில் இருந்த ஆண்களைக் கேட்டேன். "தண்ணி வரும் மேடம், வந்தா ஒரு நாள்ல போயிரும். பள்ளிக்கூடத்துச் சுவத்துல பாருங்க, கோடு இருக்குது" என்றார்கள். இருந்தது. முழங்கால் உயரத்தில் கறுப்பாக, நேராக, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல. அரசாங்கக் கட்டடம், அரசாங்கச் சுவர், இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? பக்கத்தில் அளவுகோலை நிறுத்திப் படம் எடுத்தேன். புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முழங்கால் அளவு தண்ணீருக்கு ஒரே ஒரு குழாய் போதும் என்று கணக்கு வந்தது. அக்காவின் வீடு அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரம். அவளிடம் மட்டும் கேட்கவில்லை. ஏனென்றால் சோறு போடுகிறவளிடம் யாரும் வெள்ளத்தைப் பற்றிக் கேட்பதில்லை. நானும் ஒரு பெண் என்பது அங்கே உதவவில்லை.

ஒன்றரை வருடம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாட வீதியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து போன் வந்தது. விசேஷ நாட்களில் கூப்பிடுவாள், அன்று விசேஷம் எதுவும் இல்லை.

"மேடம், கரை ஏத்திக்கிட்டு வர்றாங்க. நம்ம ஊருக்கு எதிர்ல ஒரு கொழாய்தான் பொதைக்கிறாங்க. கேட்டா பிளான்ல அப்படித்தான் இருக்குதுன்றாங்க. பெரிய தண்ணி வந்தா அதுல எப்படிப் போவும்?"

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. "அக்கா, பள்ளிக்கூடத்துச் சுவத்துல கோடு பாத்து, அளந்துதானே போட்டிருக்கோம்."

"பள்ளிக்கூடமா? அது பெரிய தண்ணி வந்து போன பொறவு கட்டுனது மேடம். மேடு அடிச்சுக் கட்டுனது. அதுல இருக்கிறது போன வருசத்துக்கு முந்தின வருசம் வந்த சின்னத் தண்ணி."

"அப்ப பெரிய தண்ணிக்கு ஒரு வீட்டுலயும் கோடு இல்லியே அக்கா?"

"எப்படி இருக்கும்? தண்ணி வடிஞ்சதும் மொத வெள்ளிக்கிழமை, அந்தக் கோடு வரைக்கும் சுண்ணாம்பு அடிச்சுட்டுத்தானே அடுப்பே பத்த வெப்போம். கோட்டை உட்டு வெச்சா, ஆத்துல இருக்கிற ஆத்தா இது தன்னோட எடம்னு நெனச்சுக்கிட்டுத் திரும்ப வந்துருவா. பள்ளிக்கூடத்துக்கு யாரு அடிக்கிறது? அது யாரு வூடும் இல்லியே, அதனால நின்னுபோச்சு."

கத்தரிக்காயை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்தச் சுவர் கண்ணுக்குள் வந்தது. பளீர் வெள்ளை, என் தோள் உயரம் வரைக்கும். எட்டு நாளும் அந்த வெள்ளத்தின் அளவில்தான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறேன். "இன்னாம்மா, வேணுமா வேணாமா? பின்னால ஆளு நின்னுகினு கீது" என்று காய்க்காரம்மா அதட்டினாள். அக்காவிடம், "நான் பாத்துக்கறேன் அக்கா, கவலப்படாதீங்க" என்று சொல்லி போனை வைத்தேன். அந்த நிமிடத்தில் நிஜமாகவே பார்த்துக்கொள்ளத்தான் நினைத்தேன். இதையாவது நம்புங்கள்.

திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாக டிராஃப்ட்ஸ்மேனிடம் சொன்னேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். "ரோடு போட்டுக்கினு கீறாங்களே மேடம். இன்னிக்கே லெட்டர் குட்த்துடுங்க. தார் போட்டப்புறம் எவனும் தோண்ட மாட்டான்." நான் கேட்காமலேயே, மதியத்துக்குள் அந்த இடத்துக்குக் குழாய்க்குப் பதிலாக மூன்று கண் வைத்த சிறுபாலம் ஒன்றை வரைந்துவிட்டார். அழகான படம். ஒவ்வொரு கண்ணிலும் ஓர் ஆள் நிமிர்ந்தே நடந்து போகலாம்.

மேலாளரிடம் போனேன். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் எனக்கு வசதியாக இருக்கும், ஆனால் அவர் அப்படி இல்லை. பொறுமையாகக் கேட்டார். "எழுதிக் கொடுங்க, அனுப்பிடறேன். ஆனா அளந்தது நீங்க, கையெழுத்து உங்களோடது. தப்பு நேர்ந்தது எப்படின்னு விளக்கமும் உங்க பேர்லதான் போகணும்" என்றார். பிறகு, "அடுத்த மாசம் டீம் லீடர் போடறோம், உங்க பேர்தான் இருக்கு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா மேல இருக்கிறவங்க ரெண்டையும் ஒண்ணாத்தான் பார்ப்பாங்க" என்றார்.

கடிதத்தை எழுதினேன். நல்ல கடிதம், ஒன்றரைப் பக்கம். அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, கைப்பையில் வைத்தேன். அடுத்த நாள் மேலாளர் வெளியூர். அதற்கடுத்த நாள் எனக்குத் தலைவலி. அதற்கடுத்த நாள் பஸ் அடையாறு பாலத்தில் நின்றபோது, கீழே கறுப்பாகத் தேங்கிக் கிடந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டே, இனிமேல் அவ்வளவு மழை எங்கே பெய்யப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அலுவலகத்தில் ஒரு பெண்ணை டீம் லீடராகப் போட்டதே இல்லை. பன்னிரண்டு வருடம் அந்தத் தூசியில் நின்றிருக்கிறேன். அப்படியெல்லாம் நியாயம் தேடிக்கொண்டேன். டிராஃப்ட்ஸ்மேன் இரண்டு முறை, "குட்த்தாச்சா மேடம்?" என்றார். மூன்றாவது முறை கேட்கவில்லை. வரைந்த படத்தைச் சுருட்டித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார்.

அக்கா மறுபடி போன் செய்தாள். "எழுதிக் கொடுத்திருக்கேன் அக்கா, பார்ப்பாங்க" என்றேன். பொய் சொல்வது இத்தனை சுலபம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. அடுத்த மாதம் எனக்கு டீம் லீடர் பதவி வந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் ரவா லட்டு கொடுத்தேன். டிராஃப்ட்ஸ்மேன் சர்க்கரை வியாதி என்று சொல்லி எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி கிடையாது.

இரண்டு ஐப்பசி சும்மா போயின. மூன்றாவது ஐப்பசியில் வந்தது. இங்கே மயிலாப்பூரில் வெறும் தூறல்தான். காலையில் காபி கலந்துகொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன். அக்காவின் மகள்.

"மேடம், அம்மா போன்ல உங்க நம்பர் இருந்துச்சு. அப்பா செத்துட்டாரு மேடம்."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். முன்பெல்லாம் எவ்வளவு பெரிய தண்ணீர் வந்தாலும் ஒரே நாளில் ஆற்றுக்கு வடிந்துவிடும், மண்சுவர் தாங்கிக்கொள்ளும். இந்த முறை சாலைக்கரை மறித்துக்கொண்டது. ஒற்றைக் குழாய் வைக்கோலும் சருகும் அடைத்து முதல் நாளே நின்றுபோனது. நாலு நாள் ஊருக்குள் தண்ணீர் அசையாமல் நின்றது. எல்லோரும் பள்ளிக்கூட மாடிக்குப் போய்விட்டார்கள். நாலாம் நாள் காலையில் அக்காவின் கணவர் மட்டும் மகளின் சான்றிதழ்களை எடுக்க வீட்டுக்குள் போயிருக்கிறார். ஊறிப்போன சுவர் சரிந்து மேலே விழுந்துவிட்டது. நான் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட சுவர்தான். அன்று பிற்பகல் ஊர்க்காரர்கள் பொக்லைன் கொண்டுவந்து சாலையை வெட்டினார்கள். அரை நாளில் தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டது.

சாவுக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். அதுவும் பொய்.

வெட்டிய இடத்தில் சிறுபாலம் கட்டச் சொல்லி அவசரமாக உத்தரவு வந்தது. படம் எங்கள் அலுவலகம்தான் கொடுக்க வேண்டும். டிராஃப்ட்ஸ்மேன் அலமாரியைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த பழைய படத்தை எடுத்தார். அதில் தேதியை மட்டும் மாற்றினார். என் மேஜையில் விரித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். போட்டேன். அவர் ஓய்வு பெறும் வரை வேலை விஷயம் தவிர என்னிடம் பேசவில்லை.

போன வருடம் அக்கா போன் செய்தாள். மகளோடு வந்து தங்கிவிட்டதாகவும், என்னைப் பார்க்க வேண்டும் போல இருப்பதாகவும் சொன்னாள். போகாமல் இருக்க என்னென்ன காரணம் உண்டோ அத்தனையும் யோசித்துப் பார்த்துவிட்டுப் போனேன். தி. நகரில், பனகல் பார்க்கில், மகளின் சாப்பாட்டு இடைவேளை நேரம். கடைச் சீருடைப் புடவையோடு மகள் ஓர் ஓரத்தில் நின்று டிபன் பாக்ஸிலிருந்து அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அக்கா பெஞ்சில் இருந்தாள். இளைத்து, பாதி ஆளாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

ஊர், மழை, மகளுக்குப் பார்க்கிற மாப்பிள்ளை என்று கொஞ்ச நேரம் பேச்சு போனது. பிறகு அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நான் போன் பண்ணேனே மேடம், அன்னிக்கே நீங்க எழுதிக் கொடுத்தீங்கல்ல?"

அந்த ஒரு நிமிடத்துக்குள் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் என்னை அடித்திருந்தாலும், அந்தக் கூட்டத்தின் நடுவே மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொடுத்தேன் அக்கா. வேலை ஆரம்பிச்சாச்சு, நேரம் கடந்துபோச்சுன்னுட்டாங்க."

அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். எத்தனையோ நாளாகப் போட்டுப் பார்த்த கணக்குக்கு விடை சரியாக வந்துவிட்டதுபோல இருந்தது அந்தத் தலையாட்டல்.

"அதான், நானும் அப்படித்தான் நெனச்சேன். நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். எட்டு நாளு எங்க வூட்டுலதானே சாப்ட்டீங்க, அந்தச் சுவத்துலதானே சாஞ்சுக்கிட்டு இருந்தீங்க. ஒரு வார்த்த சொன்னேனா? கோட்டையும் என் கையாலதான் அழிச்சேன், வாயையும் மூடிக்கிட்டு இருந்துட்டேன். அவரை நான்தான் மேடம் கொன்னுட்டேன்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அக்கா தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். "அழாதீங்க மேடம், நீங்க என்னா பண்ணுவீங்க, நீங்க சொல்லித்தான் பாத்தீங்க" என்று என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.